கால் முன்னே பிறந்தவளின் இடுப்பு

மீஞ்சூர் மார்க்கெட்டில் எங்கள் மீன் வரிசைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்தது இல்லை. ஆனால் எழுதி வைத்ததைவிடக் கெட்டி. ஒருத்தி தன் இடத்துக்கு வராமல் போனால், மூன்று அமாவாசை வரைக்கும் அந்த இடம் அவளுடையது. நடுவில் வேறு யாராவது உட்கார்ந்து விற்றுக்கொள்ளலாம். மூன்றாவது அமாவாசையன்றும் அவள் வரவில்லை என்றால், மறுநாளிலிருந்து உட்கார்ந்திருப்பவளுக்கே இடம் சொந்தம். சும்மா வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவதும் செல்லாது. கூடையை இறக்கி, அது தீரும்வரை உட்கார வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் இதுதான், புருஷனைப் பறிகொடுத்தவளுக்கும் இதுதான். அமாவாசையன்று பாதி வீடுகளில் மீன் வாங்க மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும், வரிசையில் எல்லோருக்கும் பேச நேரம் இருக்கும். அதனால்தான் பஞ்சாயத்தெல்லாம் அன்றைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் இடம் டீக்கடைக்கு எதிரே இருந்தது. பதினோரு மணிவரை வேப்ப மரத்து நிழல் விழும். முன்பு என் மாமியாருடைய இடம் அது. அவளுக்கு இரண்டு முழங்கால்களும் போனபிறகு, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன என்னைக் கையோடு கூட்டிப்போய், "இனிமே இவதான் வருவா" என்று வரிசைக்குச் சொல்லி உட்காரவைத்தாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நகை, பட்டு என்று எனக்கு ஒன்றும் போடாத மாமியார் இந்த இடத்தைக் கொடுத்தாள். எனக்கு அது போதும். அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் மருமகளும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. மீன்காரி. நான் வாயைத் திறந்தால் தெரு திரும்பிப் பார்க்கும்.

அந்த இடத்தைத்தான் இருபத்தேழு வயதில் இடுப்பு வலி வந்து விட்டுவிட்டுப் படுத்தேன்.

வலி ஒரே நாளில் வரவில்லை. மகள் பிறந்த பிறகு லேசாக ஆரம்பித்தது. விடியற்காலை ஏரிக்கரை ஏலத்தில் குனிந்து மீன் பார்த்து எடுக்க வேண்டும், ஐஸைத் தூக்கிக் கொட்ட வேண்டும், அன்னக்கூடையைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு லோடு வண்டி நிற்கும் இடம்வரை மணலில் நடக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர்வரை வண்டியின் பின்னால் குந்திக்கொண்டு போக வேண்டும். பிறகு மதியம்வரை அரிவாள்மனைமேல் குனிந்து, வாங்க வந்தவர்களுக்குச் செதிலெடுத்து வெட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தீபாவளி முடிந்த வாரம் ஒரு நாள், வண்டியிலிருந்து இறங்கக் காலைக் கீழே வைத்தேன். இடுப்பில் எதுவோ இறுக்கிப் பூட்டியது போல் நின்றுவிட்டேன். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை. வண்டி ஓட்டுகிறவர் அதே வண்டியில் என்னைக் குப்பத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

தீபாவளிக்குப் பிறகு கார்த்திகை அமாவாசை ஒன்று, மார்கழி அமாவாசை ஒன்று, தை அமாவாசை ஒன்று. அதுதான் என் கெடு. என் இடத்தில் அனுப்பம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்று இரண்டாம் நாளே போன் வந்தது.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கால் முன்னே வந்து பிறந்தவள். மற்ற குழந்தைகள் தலையை நீட்டிக்கொண்டு வர, நான் இடது காலை நீட்டினேனாம். உதைத்துக்கொண்டே வந்தவள் என்று என் நைனா சொல்லிச் சிரிப்பார். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் அப்படிப் பிறந்தவர்களுக்குத் தனி மரியாதை. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். நாங்கள் முதலில் வெளியே வந்த அந்தக் காலால் மிதித்து நீவிவிட வேண்டும். மூன்று விடியற்காலை, வாய் கொப்பளிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். காசு வாங்கக் கூடாது. கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போனவருக்கு ஆகாது. ஏழு வயதிலிருந்து நான் மிதித்துக்கொண்டிருந்தேன். வலை இழுத்தவர்கள், போட் தள்ளியவர்கள், இறால் தரம் பிரிக்கக் குந்தியே கிடந்தவர்கள், எத்தனை இடுப்பு என்று எனக்கே தெரியாது.

ஊர் இடுப்பையெல்லாம் மிதித்தவளுக்கு இடுப்பு போய்விட்டது. குப்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, சிரித்தால் வலித்தது.

மாமியார் சிரிக்கவில்லை. ஆரம்பாக்கம் பக்கத்தில் இன்னொரு கால் பிறப்புக்காரர் இருக்கிறார் என்று விசாரித்து என்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கால் பொறப்புக்குக் கால் பொறப்பு மிதிக்கக் கூடாது. ரெண்டு பேரு காலும் செத்துடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

அதன்பிறகு படுக்கைதான். அசையாமல் கிட என்றார்கள், கிடந்தேன். நல்லெண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், பொன்னேரி மருந்துக் கடையில் என் புருஷன் வாங்கி வந்த இடுப்பு பெல்ட், எல்லாம் பார்த்தாயிற்று. படுத்திருக்கும்போது வலி குறையும், எழுந்தால் முன்னைவிட மோசமாக இருக்கும். அப்படியே கார்த்திகை அமாவாசை வந்து போனது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

டாக்டர் காலை உயர்த்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். வாரம் ஒரு நாள் வருகிற பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். அவளுக்கு இருபத்து நாலு வயதுகூட இருக்காது. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல் இருந்தாள். இவளா என் இடுப்பைச் சரிபண்ணப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எக்சர்சைஸ் பண்ணணும்கா" என்றாள்.

"நான் பண்ற வேலையே எக்சர்சைஸ்தான். நீ வந்து ஒரு நாளு அந்தக் கூடயத் தூக்கிப் பாரு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "வேலை உங்ககிட்டேர்ந்து எடுக்குதுக்கா. இது உங்களுக்குக் குடுக்கும்" என்றாள். எதற்காக அவசரம் என்று கேட்டாள். வரிசைச் சட்டத்தைச் சொன்னேன். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டாள். குறைந்தது ஐந்து மணி நேரம் என்றேன். இப்போது எவ்வளவு நேரம் முடிகிறது என்று கேட்டாள். ஒரு காப்பி குடிக்கிற நேரம் என்றேன். செல்போனில் நாட்காட்டியைத் திறந்து தை அமாவாசையைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பாயில் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இடுப்பைத் தரையோடு அழுத்தச் சொன்னாள். பிறகு அப்படியே இடுப்பைத் தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு குழந்தை தவழ்வதைப்போல நாலு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும், மாற்றிச் செய்ய வேண்டும். கடைசியாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி விலாவைத் தூக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஐந்து தடவை, காலையிலும் சாயங்காலமும். அவ்வளவுதான். தினமும் வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும், பகலில் படுக்கக் கூடாது.

ஐந்து தடவை என்று அவள் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. நாங்கள் கடல்காரர்கள். மீன் கூட்டமாக வந்தால் நாளைக்கு என்று பாதியை விட்டுவிட்டு வர மாட்டோம். கை ஓயும்வரை இழுப்போம். மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் ஐம்பது ஐம்பது தடவை செய்தேன். வேர்த்து வழிந்தது. சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அதற்கடுத்த நாள் காலையில் பாயிலிருந்து புரளவே முடியவில்லை. நாலு நாள் போயிற்று.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உடம்பு மீன் இல்லக்கா. இன்னிக்கே மொத்தமா பிடிக்க முடியாது" என்றாள். எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தாள். "மறுநாள் காலைல வலி நேத்து மாதிரியே இருந்தா ஒண்ணு கூட்டுங்க. ஏறியிருந்தா ரெண்டு குறைங்க. வலியே இல்லாம போனாதான் பண்ணுவேன்னு காத்துட்டிருந்தா கிழவி ஆயிடுவீங்க."

அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே குறுக்காகப் படுத்தால்தான் கால் நீட்ட முடியும். நைட்டிக்குள் புருஷனுடைய பழைய பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு செய்வேன். நாலு காலில் நின்றால் மகள் வந்து முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவளை இறக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். முதுகு ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் வைத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். முதல் பத்து நாளில் அந்த அறையை நான் துடைத்ததைப்போல அதற்கு முன்னால் துடைத்ததே இல்லை.

"இன்னாமே கூத்து இது. குடும்பப் பொம்பள பண்றதா இது" என்று மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து சொல்வாள்.

"ஆமை மாதிரியே கீற" என்பான் புருஷன்.

"ஆமை எரநூறு வருசம் இருக்கும். நீ ஒன் வேலயப் பாருய்யா" என்பேன்.

கூடை தூக்குவதையும் புதிதாகக் கற்றுக்கொண்டேன். முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும் என்று அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு கையிலும் குடம் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைச் சாத்துவோமே, அது மாதிரி என்றாள். உடனே வந்துவிட்டது. காலிக் கூடையில் ஆரம்பித்தேன். பிறகு அதில் இரண்டு செங்கல், பிறகு நாலு. உட்காருவதற்கும் அதே விதிதான். முற்றத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து இறால் உரிப்பேன். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று செல்போனில் மணி வைத்துக்கொண்டு ஏற்றினேன்.

ஒரு மணி நேரத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஏறவில்லை. பத்து நாளாகக் கூட்டினால் வலித்தது, குறைத்தால் அப்படியே இருந்தது. மார்கழி அமாவாசையும் போய்விட்டது. அன்று மார்க்கெட்டிலிருந்து மூத்த மீன்காரி போன் பண்ணினாள். வரிசையில் வயதில் பெரியவள் அவள்தான். "இன்னா, வருவியா மாட்டியா. அந்தப் பொண்ணு கேட்டுகினே கீது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றாள். வருவேன் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். பிசியோதெரபிப் பெண் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன், தூண் மாதிரி நின்றேன். வலது காலைத் தூக்கச் சொன்னாள். தள்ளாடி மேஜையைப் பிடித்தேன். மறுபடி மறுபடி செய்யவைத்துப் பார்த்தாள்.

"தினமும் வலது கால்ல மட்டும் நின்னு ஏதாவது வேலை பண்றீங்களா?"

"இல்லியே."

"நல்லா யோசிச்சு சொல்லுங்கக்கா."

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. என் மகள்தான் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா போட் தாத்தா மேல ஏறி நிக்கும். அப்புறம் பக்கத்து வீட்டு ஆயா மேல நிக்கும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் மிதிப்பதை விளக்கிச் சொன்னேன். படுத்துக் கிடந்த நாட்களில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்திருக்கிறேன். அதை நான் வேலையாக நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதை வேலை என்று யாராவது சொல்வார்களா? சரிவான மணலில் வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருகி, இடது காலால் அழுத்துவேன். ஏழு வயதிலிருந்து.

"இதனாலதான் வலி வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா நீங்க காலைல கலைச்சுட்டுப் போறத நான் சாயங்காலம் கட்ட முடியாது. மார்க்கெட் போறவரைக்குமாவது நிறுத்துங்க."

"நிறுத்தக் கூடாதும்மா. கடலுக்குப் போனவருக்கு ஆகாது."

அவள் வாதாடவில்லை. "அப்ப நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய் கொப்பளிப்பதற்கு முன்னால்தானே மிதிக்க வேண்டும்? நாலு மணிக்கே எழுந்து பல் துலக்கி டீயும் குடித்துவிடுவேன். ஐந்து மணிக்கு யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், "அய்யோ, இப்பத்தான் வாய் கொப்பளிச்சேனே" என்பேன். நாளைக்கு வருகிறேன் என்று போவார்கள். நாளைக்கும் கொப்பளித்திருப்பேன். மூன்று நாளில் பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிட்டது. நான் மிதித்தபோதும் மூன்று நாள்தான் ஆனது என்பதை அப்போதுதான் யோசித்தேன். மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. பொங்கலன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து இறால் உரித்தேன். இடையிடையே முட்டி போட்டு நிமிர்வேன், எடையை மாற்றுவேன், எழுந்து நாலடி நடந்து உட்காருவேன். வலி இருந்தது. ஆனால் நான் எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று இப்போது அது முடிவு செய்யவில்லை. கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் மார்க்கெட் போய்விடலாம் என்று இருந்தேன். வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. ஏரியிலும் வலை வைக்கவில்லை, கடலிலும் போட் இறங்கவில்லை. மீன் இல்லாமல் எதை இறக்குவது? நாலு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு செங்கல் தூக்கினேன். கடைசி நாள் சாயங்காலம் காற்று தணிந்தது. ஏரியில் வலை வைத்தார்கள். என் புருஷனும் மற்றவர்களும் கடலுக்குப் போனார்கள்.

மறுநாள் தை அமாவாசை. மீன் விற்பதற்கு வருஷத்திலேயே மோசமான நாள். ஊரே தர்ப்பணம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காயும் வாழைக்காயும் சமைக்கும். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நாலு மணிக்கு எழுந்து கதவைத் திறந்தேன். வாசல் மணலில் மாமா குப்புறப் படுத்துக் கிடந்தார். என் மாமியாரின் தம்பி. என் புருஷன் போகிற போட் அவருடையது. இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அன்று கடலுக்குப் போகவில்லை. என் பல் துலக்கும் தந்திரம் அவருக்கு எட்டியிருக்கிறது. அதனால் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"மருமவளே, வா. இன்னும் கொப்பளிக்கலதானே" என்றார் மணலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே.

சட்டென்று இடது கால் தானாக முன்னே போயிற்று. இருபது வருஷப் பழக்கம். வலது காலில் எடை இறங்கியதும் இடுப்பில் சுருக்கென்றது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"மிதிக்க மாட்டேன் மாமா."

என் வாயிலிருந்து அது வந்ததை நானே நம்பவில்லை. மாமியார் வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாமே சொன்ன? எம் புள்ள கடல்ல கீறான். வாசல்ல வந்து படுத்தவன இல்லன்ற?"

"என் புருசனும்தான் அத்தே கடல்ல கீறாரு. எனக்குப் பயமில்லனு நெனக்கிறியா? ஆனா இப்ப மிதிச்சன்னா என்னால வண்டி ஏற முடியாது. எடம் போயிடும். அது ஒன் எடம்."

நான் மாமாவைப் புரண்டு மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே புரண்டார். அவருக்குச் சொன்னால் புரியாது என்று நானும் பக்கத்தில் மணலில் படுத்தேன். முழங்காலை மடக்கச் சொன்னேன், இரண்டு முழங்காலையும் சேர்த்து மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கச் சொன்னேன். பிறகு இடுப்பைத் தரையோடு அழுத்தச் சொன்னேன். மூச்சைப் பிடிக்காதே என்றேன். தெருமுனையில் லோடு வண்டி ஹாரன் அடித்தது. பத்து எண்ணி முடித்து, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வைத்தேன். கொஞ்சம் நேரம் எடுத்தது, எழுந்தார்.

"வலி அப்பிடியேதான் கீது" என்றார்.

"நின்னுட்டல்ல. அந்தத் தண்ணிக் கொழாவரைக்கும் நடந்துட்டு வா. படுக்காத. மத்தியானம் மறுபடி பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தேன். தூக்கிவிட மாமியார் வரவில்லை. உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் மடவை மீன் வாங்கிக்கொண்டு மீஞ்சூரில் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. வரிசையில் பாதி இடம் காலி. என் இடத்தில் அந்த அனுப்பம்பட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. தன் கூடையை இழுத்துக்கொண்டு பக்கத்துக் காலி இடத்துக்கு நகர்ந்தாள். பாவமாகத்தான் இருந்தது. விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. "எறக்கிட்டியா? தீரட்டும், பாக்கலாம்" என்றாள் மூத்த மீன்காரி.

பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பாய் வீட்டு அம்மாக்கள் வந்து வாங்கினார்கள். ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். பிறகு ஒருவரும் இல்லை. நிழல் போய் வெயில் வந்தது. முட்டி போட்டேன், நிமிர்ந்தேன், எடையை மாற்றினேன், எழுந்து நாலடி நடந்து வந்து உட்கார்ந்தேன். வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்றுக்கு வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பத்து மணிக்கே கரைக்கு வந்திருக்க வேண்டிய போட். புருஷனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. நான் மிதித்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தானே ஆகியிருக்கும் என்று நினைத்தேன். கூடையில் இன்னும் ஏழு மீன் இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏரிக்கரையில் நிற்க வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை. "மடவை, ஏரி மடவை" என்று கத்தினேன்.

ஒன்றரை மணிக்கு இரண்டு மீன் மிச்சம் இருந்தபோது போன் அடித்தது. மாமியார்.

எடுக்கக் கை வரவில்லை. மூத்த மீன்காரிதான் அழுத்தி என் காதில் வைத்தாள்.

"போட் கரைக்கு வந்துட்ச்சி" என்றாள் மாமியார். "இஞ்சின்ல ஏதோ மக்கர். அதான் லேட்டு. சாப்புட்டுகினு கீறான்."

போனை என் கையில் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நீ இன்னா பண்ற?"

"உக்காந்துகினு கீறேன் அத்தே."

"வலிக்குதா?"

இரண்டு வருஷத்தில் அவள் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் வெயிலில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வலிக்குது அத்தே" என்றேன். "உக்காந்துகினுதான் கீறேன்."